குளவி கொட்டியதா, மாரடைப்பா? மரண விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் திடீர் மரண விசாரணை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர். சாவு வீட்டில் கையில் கொடுத்த பேப்பரைத் தூக்கிக்கொண்டு, "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம்தான் வருவார்கள். அப்படி வந்த ஒரு பேப்பர்தான் இதை எழுத வைத்தது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் குளவி கொட்டியது. கூட நின்றவர்கள் படங்கால் மூடித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வைத்தியசாலை போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. பேப்பரில் இருந்ததோ மாரடைப்பு, இயற்கை மரணம். "தலைமயிரை விலக்கிப் பார்க்கவே இல்ல சேர். உச்சியெல்லாம் தடிச்சுக் கெடந்துச்சு" என்றாள் மகள்.

மரணத்தின் காரணத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனையில் தேடுகிறார். ஆனால் அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்பதை உடல் மட்டும் சொல்லிவிடாது. விழுந்த இடம், நேரம், அதற்கு முன் நடந்தது, பார்த்தவர்கள் சொல்வது எல்லாம் சேர வேண்டும். அவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அந்தப் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறது.

குளவிச் சாவில் இது இன்னும் அவசியம். ஒவ்வாமையால் சில நிமிடத்தில் இறந்தவரை அறுத்துப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். குரல்வளை வீங்கியிருக்கலாம், வீங்காமலும் இருக்கலாம். கடும் ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற பொருள் இரத்தத்தில் கூடியிருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. ஆனால் குளவி என்று யாராவது சொன்னால்தானே வைத்தியர் அதைத் தேடுவார்? தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, ஆகவே கொடுக்கு இல்லை என்பதை வைத்துக் கொட்டவில்லை என்று முடிவு கட்ட முடியாது. இதயக் குழாயில் பழைய அடைப்பு இருந்தால்? அன்று காலைவரை அந்த அடைப்போடுதானே அவர் மலை ஏறி இறங்கினார்! நிறையக் கொட்டு வாங்கியவர் சில நாள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகி இறப்பதும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தது என்று மட்டும் எழுதினால் குளவி பதிவிலேயே இல்லாமல் போகிறது.

பதிவு மாறினால் குடும்பத்தின் கதி மாறும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையின்போது, வேலையால் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு உண்டு. ‘இயற்கை மரணம்’ என்று எழுதிய பேப்பரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பது?

நஞ்சு என்று சொல்லப்படும் சாவிலும் ஆற்றில் கிடந்த உடலிலும் அவசரம் இதே கேட்டைத்தான் செய்கிறது. நீரில் கிடந்தவர் எல்லோரும் மூழ்கி இறந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பரிசோதனைக்கு முன் மலர்ச்சாலையில் உடல் கெடாமலிருக்க மருந்தேற்றி எம்பாம் பண்ணிவிட்டால், அப்புறம் நஞ்சு தேடுவது பெரும்பாடு.

ஆகவே கேட்கிறேன். உடலைக் குளிப்பாட்டுமுன் வந்து பாருங்கள். மயிரை விலக்கிப் பாருங்கள், உடுத்திருந்த துணியைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் கூட நின்றார்கள் என்பதை எழுதி வைத்தியருக்கு அனுப்புங்கள். எல்லாம் பார்த்தும் தெளிவில்லையா, சரி, எப்படி இறந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்னும் திறந்த தீர்ப்புக் கொடுங்கள். தெரியாததை இயற்கை மரணம் என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

கையெழுத்து வாங்குமுன் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே, என்னவென்று தெரியாமலே பெருவிரல் வைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். பக்கத்துத் தோட்டங்கள் என்றால் பாடசாலை விட்ட பிறகு எந்த நேரமும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர்