அக்காவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

சுங்கை சிப்புட்,
மலேசியா, 22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கடிதம் பொங்கலுக்கு முந்தியே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் அடுத்தடுத்து வந்ததில் கடையில் உட்காரக்கூட நேரமில்லை, பெருநாள் என்றால் முடி வெட்டாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள் போலிருக்கிறது. போன் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாய். கீழே விழுந்து உடைந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு வாங்க வேண்டும், அவசரமில்லை. பணம் அனுப்பாததற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை, வெள்ளி (இந்த ஊர்ப் பணம், ரிங்கிட்) விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வைத்திருக்கிறேன். மாமா கேட்டால் அப்படியே சொல்லிவிடு.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் 'பசியாறியாச்சா' என்றுதான் இங்கே எல்லோரும் கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வரும், இப்போது நானே அப்படித்தான் கேட்கிறேன். எதிர்க்கடையில் நாசி லெமாக், தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, மேலே நெத்திலி சம்பல். சாம்பாரில் மட்டும் ஏனோ ஒரு இனிப்பு நாக்கில் நிற்கிறது. உன் வத்தல் குழம்பை நினைத்துக்கொண்டு அதைச் சாப்பிடக் கூடாது, சாப்பாடே இறங்காது. மத்தியானம் மூணு மணிக்கு மேல் அநேகமாகத் தினமும் மழை. துண்டு காயவே மாட்டேன் என்கிறது, ஈரத் துண்டைப் போட்டு ஆளைப் போர்த்தினால் திட்டுகிறார்கள்.

நாங்கள் மூன்று பேரும் தங்கியிருப்பது கடைக்கு மேல்மாடி. பலகைத் தளம், கீழே ஒருத்தர் தும்மினால் மேலே கேட்கும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பாட்டி தனியாக இருக்கிறது. எண்பது வயது. எல்லோரும் ஆ போ என்கிறார்கள், பாட்டி என்றுதான் அர்த்தமாம். நான் வந்த புதிதில் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியது. திறந்தால், "டேய் தம்பி, பைப்பைத் தொறந்து உட்டுட்டுத் தூங்குறியே, பில்லு ஒங்கப்பனா கட்டுவான்?" என்று அச்சு அசல் நம்மூர்த் தமிழில் வசவு. எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. அப்பத்தா செத்த பிறகு என்னை அப்படி யாரும் திட்டினதில்லை.

ஆ போ இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டின ஆள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எஸ்டேட்டில் நம்ம பொம்பளைகளுக்குப் பக்கத்து நிரையில் வெட்டியதாம், தமிழ் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஒருநாள் என் சவரக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வாசல் நிலைப்படியில் நகத்தால் சரிவாக ஒரு கோடு கிழித்துக் காட்டியது. பட்டையை இப்படித்தான் சீவ வேண்டும், மேலாக்கப் போனால் பால் வராது, ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கிராணியிடம் (எஸ்டேட் கணக்கர்) பேச்சு வாங்கணும் என்றது. விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால்தானாம், வெயில் ஏறினால் பால் ஓடாது. மாதக் கடைசியில் சில ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். நான் கேட்டு வாங்கவில்லை, அதுவாகத்தான் வைக்கும். (இதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.)

சரி, மாமா கேட்டதற்கு வருகிறேன். சீனனும் தமிழனும் ஒரே காலத்தில்தான் கப்பல் ஏறினார்கள், சீனன் கடை கடையாய் வைத்திருக்கிறான், நம்மாள் இன்னும் கூலிக்கு நிற்கிறான், எல்லாம் குடியால் வந்தது, ஒழுங்காக உழைக்கிற பையன் போனால் மேலே வந்துவிடலாம், கார்த்தியை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். மாமா மேல் எனக்கு எத்தனை மரியாதை என்று உனக்குத் தெரியும். ஆனால் இது பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் யாரோ பேசுகிற பேச்சு.

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. இரும்புக் கடை, மோட்டார் சைக்கிள் கடை, மருந்துக் கடை எல்லாம் பெரும்பாலும் சீனர்கள் கையில். நம்மவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை, பூக்கடை, துணிக்கடை, அப்புறம் எங்களைப் போல முடிவெட்டும் கடை. செக்யூரிட்டி, லோரி, பாக்டரி பஸ் என்று பார்த்தால் நம் முகம்தான் அதிகம். ஆனால் ஆள்கணக்கையும் பார்க்க வேண்டும். 2020 கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் நூற்றுக்கு 23 பேர் சீனர், நாம் 7 பேர்கூட இல்லை. டாக்டர், வக்கீல் என்று நம்மவர்களிலும் நிறைய உண்டு, அவர்கள் முடி வெட்ட ஈப்போவுக்குப் போய்விடுகிறார்கள், எங்கள் கண்ணில் படுவதில்லை. ஆ போவும்தான் சீனர், இந்த வயதில் தெருவில் அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுகிறது.

இதையெல்லாம் எனக்கு விளங்கவைத்தது எங்கள் வாடிக்கைக்காரர் தண்டல் தாத்தா. எஸ்டேட்டில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சனிக்கிழமை சவரத்துக்கு வருவார், அரை மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார், சோப்பு முகத்தில் காய்ந்துபோகும். அவர் பிறந்தது லயத்தில். கங்காணி கூட்டிவந்த ஆட்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. வீடு கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் இருந்த மண் கம்பெனியுடையது, கள்ளுக்கடைகூட எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்ததாம். குடியால் கெட்டோம் என்கிறாரே மாமா, சம்பள நாளில் அந்தக் கடையைத் திறந்து வைத்தது யார் என்று நான் கேட்டதாகச் சொல். ஐம்பது வருஷம் வேலை பார்த்தாலும் வேலை நின்றால் வீடும் போய்விடும். சீனர்களிலும் நிறையப் பேர் ஈயச் சுரங்கத்துக்குக் கூலியாகத்தான் வந்தார்கள், அவர்களும் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனால் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து காய்கறி போடலாம், கடை போடலாம், சொந்த ஊர்க்காரர்களின் சங்கம் கைமாற்றுக் கொடுக்கும். எஸ்டேட்டிலும் சீனர்கள் கண்ட்ராக்டில் வெட்டினார்கள், பிடிக்காவிட்டால் அடுத்த எஸ்டேட், நம்மவர்கள் செக்ரோலில் (எஸ்டேட் ஆள்பேர்ப் பதிவேடு) பேர் எழுதி நாள்கூலிக்கு நின்றார்கள்.

இந்த ஊருக்கென்று ஒரு கதையும் உண்டு. 1948 ஜூனில் இங்கே பக்கத்து எஸ்டேட்டுகளில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதை வைத்துத்தான் அவசரகாலம் அறிவித்தார்கள், 1960 வரை நீண்டது. காட்டோரம் குடியிருந்த சீனர்கள் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று நாடு முழுக்க 5 லட்சம் பேர் வரை பெயர்த்துக் கொண்டுபோய், முள்வேலிக்குள் புதுக்கிராமம் என்று வைத்தார்கள். அப்போது ஆ போவுக்கு ஆறு வயது. லோரி வந்து நின்றதும் ஏறச் சொன்னார்களாம், வளர்த்த பன்றிக்குட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுததற்கு அப்பா அடித்ததாம். எழுபத்து நாலு வருஷம் ஆகியும் அந்தக் குட்டியின் நிறத்தைச் சொல்கிறது. நம்மவர்களையும் விடவில்லை, லயங்களை ஒரே இடமாகச் சேர்த்துச் சுற்றி வேலி போட்டார்கள். ஆனால் வேலியைப் பிரித்த பிறகு புதுக்கிராமத்து ஆட்களிடம் ஒரு மனை மிஞ்சியது. முதலில் வெறும் தற்காலிக அனுமதிச் சீட்டுதான், பிறகு பல பேருக்குப் பல வருஷக் குத்தகைப் பத்திரமாக ஆனது. அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் ஆ போவின் புருஷன் மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டார், இரண்டு பையன்களைப் படிக்கவைத்தார்கள். (இப்போது மருமகளோடு சண்டை, அதனால்தான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து கிடக்கிறது.) லயத்தில் வேலியைப் பிரித்த பிறகும் மண் கம்பெனியிடமே இருந்தது.

அப்புறம் எஸ்டேட்டுகளைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தது, தண்டல் தாத்தாவின் அக்கா குடும்பத்தோடு கப்பல் ஏறியது அப்போதுதான், அறந்தாங்கிப் பக்கம் எங்கேயோ இருக்கிறார்களாம், விசாரிக்கச் சொன்னார், தனியே ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் இந்தத் தொகுதிக்காரர்தான் ('துன்' என்பது இங்கே பெரிய பட்டம்). அவர் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் என்று தொடங்கி, தொழிலாளிகளிடமே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் சேர்த்து, விலைக்கு வந்த எஸ்டேட்டுகளை வாங்கினார். அவரை மட்டும் பெயர் சொல்லாமல் 'துன்' என்பார் தாத்தா. ஆனால் எல்லா எஸ்டேட்டையும் வாங்க முடியுமா? பால்மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்தார்கள், அதற்கு அத்தனை ஆள் வேண்டாம், வேண்டிய ஆளுக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். தாத்தா வேலை விட்டபோது கையில் சேமநிதிப் பணமும் ஒரு கைக்கடிகாரமும். மகன் வாங்கிய மலிவு வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்.

பள்ளிக்கூட விஷயமும் இப்படித்தான். தமிழ்ப்பள்ளி 500க்கு மேல் இருக்கிறது. இங்கே மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது, 1954ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்தது, எங்கள் முதலாளியின் மகள் அதில் படித்துத்தான் இப்போது சட்டம் படிக்கிறாள். ஆனால் தமிழில் ஆறாம் வகுப்போடு சரி. சீனர்கள் தாங்களே பணம் போட்டு நடத்துகிற உயர்நிலைப் பள்ளிகள் மட்டும் அறுபது இருக்கின்றன.

போன வாரம் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தேன். சாயங்கால நேரம், மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. தூரத்தில் பார்த்தால் அப்படியே நம்ம தோப்பு, கஜா புயலுக்கு முந்தி இருந்த மாதிரி. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, ஊர் வருவதற்கு முந்தியே இறங்கிவிட்டேன். கிட்டப் போனால் மரமெல்லாம் குட்டை, மட்டையில் முள், ஒரு தேங்காய் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன் அக்கா. பிறகு நடந்தே வந்துவிட்டேன், நாலு மைல் இருக்கும். நல்லதுதான், உடம்புக்கு.

ரஜூலா கப்பலில் வந்த பெரிய தாத்தாவைப் பற்றியும் தண்டல் தாத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதில் எத்தனையோ பேர் திரும்பவில்லை, பேர் வைத்துத் தேட முடியாது என்றார். அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

கார்த்தி விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன், மாமாவுக்குப் படித்துக் காட்டு. ஏஜெண்டு ஒன்றரை லட்சம் கேட்கிறான், வீட்டு மனைப் பத்திரத்தை வைத்து வாங்கலாம் என்று மாமா யோசிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஆ போ புருஷனும் பத்திரத்தை வைத்துத்தானே கடன் வாங்கினார் என்று மாமா கேட்பார், எனக்குத் தெரியும். அவர் பட்டறை அவர் ஊரில் அவர் கண் முன்னால் இருந்தது, ஏஜெண்டு கையில் கொடுத்த பணம் எங்கே இருக்கும்? இந்த மாதத்திலிருந்து இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, நம்ம பணத்துக்கு 33,000க்கு மேல் வரும் என்று அவன் சொல்லியிருப்பான். அது உண்மைதான். ஆனால் ஐந்து ஆளுக்குக் குறைந்த கடைக்கு ஆகஸ்டில்தான், நாங்கள் மூன்று பேர். அதிலும் பெர்மிட்டுக்குப் பிடிப்பது, அறைக்குப் பிடிப்பது என்று இருக்கிறது. எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நான் பழகிவிட்டேன். அவன் சின்னப் பையன். ஐடிஐ முடிக்கட்டும், இன்னும் ஒரு வருஷம்தானே.

அதைவிட அவசரம் பட்டா. கூட்டுப் பட்டாவாகவே கிடக்கிறது. சித்தப்பா நல்லாயிருக்கும்போதே கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துத் தனிப்பட்டா ஆக்கிவிடுங்கள். மாமாவுக்குச் சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரியும், நீ போய்ப் பேசு, உன்னைத் தட்டமாட்டார். பத்திரத்தைப் பீரோவில் வைக்காதே, மழைக்கு ஒழுகுகிற பக்கம் அது, டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் பை போட்டு வை. கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றுகளில் எத்தனை பாளை விட்டிருக்கிறது என்று எண்ணி எழுது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பங்குனிக்குள் செய்துவிடலாம், அதற்குப் பணம் எப்படியும் அனுப்புவேன், தேதி மட்டும் முன்கூட்டியே சொல்.

மாங்காய் வத்தல் போட்டிருந்தால், அடுத்த மாதம் வருகிற கீழத்தெரு அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. இரண்டு பொட்டலமாகக் கட்டு. ஒன்றில் உப்பைக் குறைத்துவிடு, ஆ போவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

அன்புடன்,
தம்பி