ராஜா சாண்டோவை மைக் வீழ்த்தவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊமைப்பட நடிகர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ராஜா சாண்டோவுக்கு ஒரே ஒரு பத்திதான். அதிலும் ‘மிகை நடிப்பு, பேசும்படம் வந்ததும் ஒதுக்கப்பட்டார்’ என்று முடித்துவிட்டீர்கள். இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ராஜா சாண்டோவின் இயற்பெயர் நாகலிங்கம். புதுக்கோட்டைக்காரர், 1920-களின் தொடக்கத்தில் பம்பாய்க்குப் போய் நடிகரானவர். சாண்டோ என்ற பெயர் யூஜின் சாண்டோ என்ற வெளிநாட்டுப் பயில்வானுடையது. உடம்பைப் பார்த்துத்தான் முதலில் கூப்பிட்டிருப்பார்கள், சரி. ஆனால் 1927-இல் இயக்குநர் சந்துலால் ஷாவின் ‘குணசுந்தரி’யில் நடிகை கோஹருடன் நடித்தாரே, அது வீட்டு வேலையிலேயே மூழ்கிக் கிடக்கும் மனைவி, வெளியே மனம் அலையும் கணவன் என்று போகிற குடும்பக் கதை, அங்கே புஜபலத்துக்கு என்ன வேலை? குஜராத்தி முதலாளிகளின் ஸ்டுடியோவில் ஒரு தமிழர் கதாநாயகனாக நிலைக்க முடிந்ததே படம் பேசாததால்தான். காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டையை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றினால் போதும், அவர் எந்த மொழியில் உதட்டை அசைத்தார் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபிறகு நிலைமை வேறு. அப்போது பின்னணிப் பாட்டு கிடையாது (தமிழில் அது 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில்தான் வந்தது), கேமரா முன்னால் நிற்பவரே மைக்குக்குக் கேட்கும்படி பாடியாக வேண்டும். அதனால் நாடக மேடைப் பாடகர்கள் உள்ளே வந்தார்கள். நடிகை டி.பி.ராஜலட்சுமி ஊமைப்படத்திலிருந்து பேசும்படத்துக்குத் தாவிக்கொண்டார், பாடத் தெரியும். சாண்டோ அந்தப் போட்டிக்கே போகவில்லை என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் அவர் அதற்கு முன்பே சென்னையில் ‘பேயும் பெண்ணும்’, ‘அனாதைப் பெண்’ என்று ஊமைப்படங்களை இயக்க ஆரம்பித்துவிட்டார். நடிப்பையும் உடனே விட்டுவிடவில்லை. 1934-இல் ‘இந்திரா எம்.ஏ.’ என்ற இந்திப் பேசும்படத்தில் நடிகை சுலோசனாவுடன் நடித்தார்.

அப்புறம் 1935-இல் ‘மேனகா’. புராணக் கதைகளே குவிந்துகொண்டிருந்த நேரத்தில் நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து ஒரு சமூகக் கதையை எடுத்தார். 1939-இல் தியாகராஜ பாகவதரை வைத்து ‘திருநீலகண்டர்’. ‘சிவகவி’யைத் தொடங்கியதும் இவர்தான், கருத்து வேறுபாட்டில் விலக, ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். 1943-இல் இறக்கும் வரை சினிமாவிலேயே இருந்த ஒருவரை ‘ஒதுக்கப்பட்டார்’ என்று எப்படி எழுதுவது?

மிகை நடிப்பு என்று கட்டுரையாளர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பதும் புரியவில்லை. தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டும், முழுநீளப் படமாகப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மிஞ்சியிருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’தான். அதில் சாண்டோ இல்லை. தமிழக அரசு இவர் பெயரில் விருது கொடுக்கிறது, மேடையில் பெயரைப் படிக்கிறார்கள், கைதட்டுகிறோம், அவ்வளவுதான் நமக்கு அவரைத் தெரியும். பம்பாயில் அவர் நடித்த ஆண்டுகளைப் பற்றி மட்டுமாவது தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்