பணத்தை எடுப்பதற்கு முன் தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 18 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் நகல் எடுக்கத்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது அவர்களைவிட, போனை நீட்டி "அண்ணா, இந்த 199 ரூபா எதுக்குப் போச்சுன்னு பாருங்களேன்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, கொருக்குப்பேட்டை ஆட்டோக்காரர், காலேஜ் படிக்கிற பிள்ளைகள் என்று தினமும் நாலைந்து பேராவது வந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படித் தெரியாமல் பணம் போன பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வருகிற குடும்ப ஓய்வூதியத்தில்தான் மாத்திரை, கோயில், பேரப்பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. போன நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் விஷயமாக வங்கிக்குப் போனபோது பாஸ்புக்கையும் பதிந்து வாங்கி வந்தேன். மாதாமாதம் 299 ரூபாய் போயிருந்தது. 8 மாதம், மொத்தம் 2,392 ரூபாய். அம்மாவைக் கேட்டால், "பேங்க்காரங்க ஏதோ பிடிக்கிறாங்கன்னு நெனச்சேன்பா, உன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்கிறார்.

தோண்டிப் பார்த்தால், சின்னச் சின்ன நாடகங்கள் காட்டும் ஒரு ஆப். 1 ரூபாய் கட்டினால் 3 நாள் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்திருக்கிறது, அம்மாவும் ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரைப் போட்டிருக்கிறார். அந்தப் பின் நம்பர் ஒரு ரூபாய்க்கு மட்டும் போட்டது கிடையாது, இனி மாதாமாதம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த அனுமதியும் அதற்குள்ளேயே இருந்தது. இதற்குப் பெயர் ஆட்டோபே, வங்கிக்காரர்கள் மேண்டேட் என்பார்கள். நாடகம் பிடிக்கவில்லை என்று ஒரு வாரத்தில் அம்மா சொன்னார், அந்த ஆப்பை போனிலிருந்து அழித்ததே நான்தான். அழித்தால் முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். ஆப்பை அழித்தால் ஆட்டோபே அழியாது. நாலு பேருக்குப் போன் பார்த்துக் கொடுக்கிற எனக்கே இது தெரியாமல் போனதே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, வங்கிக் கிளையில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க அம்மா பின் போட்டு ஒப்புக்கிட்டது சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரியாமலே போகிற பணம் வேறு, ஏமாற்றி நம் கையாலேயே ஒப்புதல் வாங்கி எடுக்கிற பணம் வேறு. இரண்டுக்கும் வழி இருக்கிறது, ஆனால் ஒரே வழி கிடையாது.

முதல் வகைக்கு ஒரு உதாரணம். மணலியில் ஒப்பந்த வேலை பார்க்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவனுக்கு ராத்திரி 11 மணிக்கு, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு டாலரில் பணம் போனதாக மெசேஜ் வந்தது. அவன் ஓடிபி எதுவும் கொடுக்கவில்லை. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து எடுத்துவிட முடியும். அந்த ராத்திரியே வங்கியின் எண்ணில் கூப்பிட்டு கார்டை முடக்கி, புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டான். பணம் திரும்பி வந்துவிட்டது. 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. நம் மேலும் தப்பில்லை, வங்கி மேலும் தப்பில்லை, வெளியே எங்கோ நடந்த திருட்டு என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரையும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் வரையும் நம் தலையில் விழலாம். அதற்கு மேல் போனால் அந்தந்த வங்கி வைத்திருக்கிற விதிதான். நாம் சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும், வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியின் பொறுப்பு. ஓடிபியையோ பின்னையோ நாமே யாரிடமாவது சொல்லிவிட்டோம் என்றால், புகார் செய்கிற நிமிடம் வரை போனது நம்முடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. அப்படி என்றாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம். நாளைக்குக் காலையில் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் பழக்கமே இல்லாதவர்கள் கார்டில் அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம். வங்கி ஆப்பிலேயே அதற்குச் சுவிட்ச் இருக்கிறது. கடையில் எத்தனையோ பேருக்கு நிறுத்திக் கொடுத்திருக்கிறேன், இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது வகைதான் எங்கள் அம்மாவுக்கு நடந்தது. கூகுள் பே, போன்பே, பீம் என்று எதில் பின் போட்டீர்களோ அதைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு உள்ளே போனால் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும். உயிரோடு இருக்கிற அனுமதிகள் அத்தனையும் அங்கே தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்துவிடலாம், கம்பெனியிடம் கேட்க வேண்டியதில்லை. சில அனுமதிகளில் மாதம் 299 என்று போட்டுவிட்டு, 'அதிகபட்சம்' என்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதையும் கவனியுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்த சந்தா என்றால், பிளே ஸ்டோருக்குள்ளேயே சந்தாக்கள் என்ற பகுதியில் பார்க்க வேண்டும். கார்டு எண் கொடுத்துச் சேர்ந்திருந்தால் வங்கியின் ஆப்பிலோ கிளையிலோ கேட்க வேண்டும். ஒருவர் போனில் மூன்று இடத்திலும் ஒன்றொன்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரி, உள்ளே விடும்போது ஒரு தட்டு, வெளியே போக வேண்டுமென்றால் வழியே இல்லை என்று வைத்திருப்பதைச் சட்டமே தப்பு என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று கொண்டுவந்த விதிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், சந்தாப் பொறி அதில் ஒன்று. அதைச் சொல்லித்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். பாஸ்புக் பக்கத்தின் நகல், ஆட்டோபே பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் வைத்திருந்தேன். கடைசியில் 2 மாதப் பணம், 598 ரூபாய், திரும்ப வந்தது. மிச்சம் 1,794 வரவில்லை. அதை விடுவதாக இல்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது என்பதால் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. போன பணத்தைத் திரும்ப வாங்கப் போய், இருந்ததையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடி, முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டு, அவன் சொன்ன ஆப்பை ஏற்றி, போன் திரை முழுவதையும் அவனுக்குக் காட்டிவிட்டு, மொத்தத்தையும் இழந்த ஒரு பெண் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். பணம் நம் கணக்குக்கு வர வேண்டுமென்றால் நாம் பின் நம்பரே போட வேண்டியதில்லை. பின் போடுங்கள் என்று கேட்டாலே பணம் எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். அப்படி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், அந்தப் பணம் கைமாறுவதற்கு முன்னால் நிறுத்த வாய்ப்பிருக்கிறது. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை அல்லது சரியாகச் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448-ல் விவரம் கேட்கலாம், செலவில்லை.

எல்லாப் பிடித்தமும் திருட்டு என்றும் நினைத்துவிடக் கூடாது. மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால் அவை பெரும்பாலும் மத்திய அரசின் இரண்டு காப்பீடுகள், முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு, இரண்டிலும் 2 லட்சம் ரூபாய். அப்படிப் பணம் போவது வீட்டில் யாருக்கும் தெரியாததால், ஆள் இறந்த பிறகு கேட்க வேண்டிய 2 லட்சத்தைக் கேட்காமலே விட்ட குடும்பம் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு வரியும் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் கடிதம் எழுத வந்த முக்கியமான விஷயம். அம்மா கணக்கில் 299 எடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் மெசேஜ் வந்திருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதன்படியே வந்திருக்கிறது. 8 மாதமும் ஆங்கிலத்தில். அம்மா எட்டாவது வரை தமிழில் படித்தவர், இந்தப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை தினமும் படிக்கிறவர். தமிழில் ஒரே ஒரு வரி, 'நாளை உங்கள் கணக்கிலிருந்து 299 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம்' என்று வந்திருந்தால் முதல் மாதமே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். பாதுகாப்பு இருந்தும் அது அவர் கைக்கு வந்து சேரவில்லை.

அதைவிட வருத்தம் என்னவென்றால், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பற்றி 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவிலேயே, முன்கூட்டி அனுப்பும் அறிவிப்பு தெளிவாகவும் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. புரியும் மொழி என்றால் யாருக்குப் புரிவது? காசிமேட்டு அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது, வந்த மறுநாள் அதிலிருந்து 199 போய்விடுகிறது, அவர் போனில் 14 ஆங்கில மெசேஜ் திறக்காமலே கிடந்தன. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும்போது கணக்கில் இருக்கிற கொஞ்சப் பணத்திலும் இது போகிறது என்றால் அந்த வீட்டு நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிடித்தம் எடுக்கப் பணம் இல்லாமல் திரும்பினால் அதற்கும் அபராதம் போடுகிற வங்கிகள் உண்டு.

கணக்குத் தொடங்கும்போது பெயர், முகவரி, நாமினி எல்லாம் கேட்கிறார்கள், எந்த மொழியில் மெசேஜ் வேண்டும் என்று கேட்க ஒரு கட்டம் வைப்பது பெரிய காரியமா? ஏடிஎம் மெஷினில் கார்டைச் சொருகினால் தமிழா ஆங்கிலமா என்று கேட்கிறதே. ஆட்டோபே அனுமதிக்காகப் பின் நம்பர் கேட்கும் திரையிலும், முன்னறிவிப்பு மெசேஜிலும், எவ்வளவு, யாருக்கு, எத்தனை மாதம், எப்படி நிறுத்துவது என்ற நாலு விஷயத்தையும் வாடிக்கையாளர் கேட்ட மொழியில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். அதுவரை, வடசென்னையில் இருக்கிற வங்கிக் கிளைகளாவது பாஸ்புக் பதியும் மெஷின் பக்கத்தில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டலாம்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். அப்படி வருகிற ஆங்கில மெசேஜ் ஒன்றை அப்படியே படமாகப் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் எழுதி, மாதம் ஒரு முறை வெளியிடுங்கள். மேண்டேட், ஆட்டோபே, டெபிட், இந்த மூன்று சொல்லைக் கண்டால் யாரையாவது கேட்க வேண்டும் என்று தெரிந்தாலே போதும். நான் ஒரு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறேன், ஆனால் என் கடைக்கு எத்தனை பேர் வந்துவிடுவார்கள். நீங்கள் வெளியிட்டால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் காலடிப்பேட்டை மார்க்கெட் வரைக்கும் கொடுக்க நான் தயார், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை