சவரி, இனிஷியல் பத்திரம்

பாளையங்கோட்டை
18.01.2026

அன்புள்ள சவரி,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உன் கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பதில் போடாததுக்குத் திட்டணும்னா ஒரே மூச்சில் திட்டி முடிச்சிரு, சோலி கிடக்கு.

'ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி என் மகள் ஜெனிக்கு ஆறாம் வகுப்பில் ஒரு சீட் வாங்கிக் கொடு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். ஏல கோட்டிக்காரா, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஃபாதருக்கு என்ன வேலை? அங்கே தாளாளரும் தலைமையாசிரியையும் சிஸ்டர்கள். ஃபாதர் வேண்டியது வேறொரு காரியத்துக்கு. உன் பங்குச் சாமியார், அதாவது உங்க கோயில் ஃபாதர், 'இவர்கள் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள்' என்று எழுதித் தரும் கடிதம், கூடவே ஜெனியின் ஞானஸ்நான எக்ஸ்ட்ராக்ட், அதாவது கோயில் பதிவேட்டு நகல். கத்தோலிக்கப் பிள்ளை என்பதற்கு அத்தாட்சி இவை இரண்டும்தான், சிபாரிசு இல்லை. அதை வாங்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு சீட் விழுந்துவிட்டது என்று கால்மேல் கால் போட்டு உட்காராதே. அக்கா அங்கேயே படிக்கிறாளா, பக்கத்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் அஞ்சு முடித்த பிள்ளையா, வீடு எவ்வளவு தூரம் என்று வரிசை இருக்கிறது. மும்பையிலிருந்து வரும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் தேறாது. அதனால்தான் மற்ற காகிதங்கள் சுத்தமாக இருக்கணும் என்று இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

சாராள் டக்கர் நல்ல 'கேத்தலிக் ஸ்கூல்' என்று உன் வீட்டு மைனி கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறாய். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வடக்கே பிறந்தவள். நீ பாளை சாந்தி நகர்க்காரன், உனக்குமா தெரியாது? சாராள் டக்கரும் ஜான்ஸும் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. கிராமத்துப் பக்கம் டி.டி.டி.ஏ. என்று பலகை தொங்குவதும் அவர்களுடையதே. உங்க ஆட்கள் பள்ளிக்கு ஆர்.சி. என்று போட்டிருக்கும். பாளையில் ஆண்பிள்ளைகளுக்கு யேசு சபைக்காரர்களின் சவேரியார் பள்ளி, 1880-ல் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கு இஞ்ஞாசியார் கான்வென்ட். நான் கீழே எழுதுவது குறிப்பிட்ட ஒரு பள்ளியைப் பற்றி இல்லை, அரசு உதவி பெறும் எந்த ஆர்.சி. பள்ளிக்கும் பொதுவானது. பலகையில் 'உயர்நிலை'யா 'மேல்நிலை'யா என்று மட்டும் பார். உயர்நிலை என்றால் பத்தோடு சரி, ப்ளஸ் ஒன்னுக்கு மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

இனிமேல் எழுதுவதை மைனிக்கும் வாசித்துக் காட்டு. 'எய்டட்' என்றால் வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் சபையினுடையது. தமிழ் மீடியத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, புத்தகம் இலவசம், மதியம் சத்துணவு உண்டு. அதே காம்பவுண்டுக்குள், அதே சீருடையில், ஆங்கில மீடியம் பெரும்பாலும் செல்ஃப் பைனான்ஸ், அதாவது சுயநிதிப் பிரிவாக ஓடும். அதற்குக் கட்டணம் உண்டு, அரசு தரும் பொருட்களில் எது எது அந்தப் பிள்ளைகளுக்கு வரும் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்கணும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் போடும் டிக்கில் பிரிந்துவிடும். 'எய்டட் செக்‌ஷனா, செல்ஃபா?' என்று வாய்திறந்து கேட்காமல் கையெழுத்துப் போடாதே. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கு.

அந்த டிக் ஆறாம் வகுப்பில் விழுவதுதான் விஷயமே. புதுமைப் பெண் திட்டம் தெரியுமில்லையா, கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூபாய்? முதலில் அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில் வைத்து உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அப்படிப் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் கிடையாது. ஜெனி இந்த ஜூனில் வந்தால் கணக்கில் வருவாள். மூணு வருஷப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய்.

ஆனால் அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்கிறார்களே, அது ஜெனிக்கு இல்லை. இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்கணும் என்று ஆக்கிவிட்டார்கள். அவள் அஞ்சு வருஷம் இங்கிலீஷில் படித்தாயிற்று, அந்த பஸ் போயாச்சு. டாக்டர் ஆக்கணும் என்று மைனி சொல்கிறாள் என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது, தமிழ் மீடியமானாலும் கிடையாது. 'எய்டட்னா கவர்மென்ட்தானே' என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டாதே. பன்னிரண்டு முடித்து கவுன்சிலிங் சமயத்தில் இதைத் தெரிந்துகொண்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு.

சரி, எதைப் போடுவது? என் யோசனை, ஆயிரம் ரூபாயைப் பார்த்து மீடியத்தை முடிவு பண்ணாதே. ஜெனி தமிழ் நல்லாப் பேசுவாள், என்னையே 'என்ன பெரியப்பா, சொகமா?' என்று கேட்கிறவள். வாசிப்பாளா? அதுதான் கேள்வி. ஆறாம் வகுப்பு அறிவியலும் கணக்கும் தமிழில் இருந்தால் 'ஒளிச்சேர்க்கை', 'பின்னங்கள்' என்று எழுத்துக்கூட்டுவதற்குள் மணியடித்துவிடும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கணக்கில் தோற்காது, கேள்வியை வாசிக்க முடியாமல் தோற்கும். ஆங்கில மீடியம் போட்டாலும் தமிழ் இல்லாமல் தப்ப முடியாது, முதல் தாள் தமிழ்தான், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் 500-க்கு நூறு அதில்தான். இங்கே 1968 முதல் இருமொழி. அவள் படித்த இந்தி, மராத்தி ரெண்டும் பெட்டிக்குள் போகும்.

ஆகவே இன்றைக்கே தொடங்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மிரட்டாதே. இரண்டாம் வகுப்பிலிருந்து மேலே வா. தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பு, அஞ்சு வரி சொல்வதெழுதுதல். இப்படி வருகிற பிள்ளைகள் தடுக்குவது மூணு இடத்தில்: ந, ன, ண; ல, ள, ழ; ர, ற. அப்புறம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். சிவப்பு மையில் அடிக்காமல், தப்பிய சொல்லை மறுநாள் மறுபடி கேள். ஏப்ரல் கடைசியில் நாலாம் வகுப்புப் பாடத்தைத் தட்டாமல் வாசித்தாள் என்றால் தமிழ் மீடியம் தைரியமாகப் போடு. இல்லையென்றால் ஆங்கிலமே போட்டுவிட்டு ஆயிரத்தை மறந்துவிடு.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பெயர். உங்க ஜாதிக்காரர்களுக்கு, ஜாதின்னா ஞானஸ்நானம் வாங்கின ஜாதியைச் சொல்கிறேன், ஒரு பெயரும் ஒரு பெயராக நிற்பதில்லை. சவரிமுத்து, சவேரியார், சேவியர் எல்லாம் ஒரே புனிதர். இன்னாசியும் இஞ்ஞாசியும் இக்னேஷியஸும் ஒன்று. ராயப்பன்தான் பீட்டர், சின்னப்பன்தான் பால், அருளப்பன்தான் ஜான், சூசைதான் ஜோசப். கோயில் புஸ்தகத்தில் ஒன்று, முனிசிபாலிட்டியில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. ஜெனிக்கு எக்ஸ்ட்ராக்டில் உங்க அம்மா பேர், இஞ்ஞாசியம்மாள். பிறப்புச் சான்றில் ஜெனிஃபர். மும்பைப் பள்ளியில் அந்த ஊர் வழக்கப்படி ஜெனிஃபர் சவரிமுத்து அந்தோணி, அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் வாலாகத் தொங்கும். இங்கே அவள் ச. ஜெனிஃபர். உன் ஆதாரில் நீ சேவியர் என்று இருந்தால் இனிஷியல் 'ச'வா 'சே'வா, ஆங்கிலத்தில் 'எஸ்'ஸா 'எக்ஸ்'ஸா? சிரிக்காதே.

பிள்ளையைச் சேர்த்ததும் பள்ளியில் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பதிவார்கள். ஆதாரோடு பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கே முட்டும். உதவித்தொகையெல்லாம் பிள்ளை பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு ஆதார் வழியாக வருகிறது, அங்கேயும் முட்டும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். தேறியும் பெயர் ஒட்டாமல் பணம் தொங்குவது உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அதற்கப்புறம் திருத்துவது ஏழு ஜென்மத்துப் பாவம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் ரெண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், அவசரப்பட்டு ஒரு தடவையை வீணாக்காதே. பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதுவே மூலம். மற்றதெல்லாம் அதற்குப் பொருந்தணும். எக்ஸ்ட்ராக்டில் உள்ள பேர் அப்படியே இருக்கட்டும், அது சாமியார் காரியம். அஞ்சு வயசுக்கு மேல் ஜெனியின் கைரேகை புதுப்பித்திருக்கிறாயா என்றும் பார்.

டி.சி. விஷயம். மகாராஷ்டிரத்தில் அதை லீவிங் சர்டிபிகேட் என்பார்கள். மராத்தியில் அச்சடித்தது என்றால் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டு வாங்கு. வேறு மாநிலத்து டி.சி. என்றால் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கிற வழக்கம் இங்கே உண்டு. இதற்காக மறுபடி ரயிலேறும்படி வைத்துக்கொள்ளாதே, கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கிவிடு. அதைவிட முக்கியம், பழைய பள்ளி தன் கணினியில் ஜெனியை விடுவிக்கணும். 'டிராப் பாக்ஸ்' என்பார்கள். காகிதத்தில் டி.சி. கொடுத்துவிட்டுக் கணினியில் விடுவிக்க மறந்துவிடுவார்கள், இங்கே பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் மட்டும் மும்பையிலேயே கிடக்கும். டி.சி. வாங்கும் அன்றைக்கே கிளார்க் முன்னால் நின்று செய்யச் சொல்.

சாதிச் சான்று மும்பையில் வாங்கினது இங்கே செல்லாது. உங்க அப்பாவுடைய பழைய டி.சி.யோ சாதிச் சான்றோ பரண்மேல் இருக்கும், அதை இறக்கி வை. ஊருக்கு வந்து இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி வர நாளாகும், ஜூனில் போடாமல் ஏப்ரலில் போடு.

கண்டிப்பைப் பற்றி மைனி கேட்டதற்கு: ஆமா, உண்டு. ரெட்டை ஜடை மடித்துக் கட்டி ரிப்பன், மருதாணி கூடாது, பிந்தினால் வாசலில் நிற்கணும். காலை அசெம்பிளியில் ஜெபம், தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு. மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கு நீதிபோதனை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் பேத்தியைச் சேர்க்கப் பயப்படுகிறார் என்றாயே, அவரிடம் சொல்: அரசு உதவி வாங்கும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டுக்கு உட்கார வைக்க முடியாது. அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. நம்ம பக்கத்தில் ஆர்.சி. பள்ளியில் படித்துவிட்டு நெல்லையப்பர் கோயில் தேர் இழுக்கிறவர்களை எண்ணி மாளாது.

வீடு கே.டி.சி. நகரில் என்றால் டவுன் பஸ் போதும், சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. முருகன்குறிச்சியில் எட்டரைக்கு மேல் நெரிசல், ஆகையால் வெள்ளன கிளம்பணும். வீடு ஆகஸ்டில்தான் காலியாகும் என்றால் ரெண்டு மாசம் போர்டிங். அதற்கு ட்ரங்குப் பெட்டி, பூட்டுக்கு ரெண்டு சாவி, ஒன்று வார்டன் சிஸ்டரிடம். தட்டு, டம்ளர், வாளி, போர்வை எல்லாவற்றிலும் பேர், துணிகளில் நூலால் எழுத்து. பேன் சீப்பு கட்டாயம். முதல் மூணு வாரம் அழுவாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வா, ஆனால் கூட்டிக்கொண்டு போகாதே, ஒரு தடவை கூட்டிப் போனால் அழுகை மறுபடி முதலிலிருந்து.

 

மார்ச் பிறந்ததும் பள்ளியில் விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன். நீ லீவிங் சர்டிபிகேட் வாங்கும்போது, அவர்கள் அச்சடிப்பதற்கு முன்னால் எழுதிவைத்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. பார்த்து, சரி என்று நான் சொன்ன பிறகு கையெழுத்துப் போடு. உன்னைப் பற்றியும் ஆதாரைப் பார்த்து எழுது, நீ சவரிமுத்துவா சேவியரா?

அன்புடன்,
கணபதி