வாசகர் சங்க ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ரயில் பாதைப் பராமரிப்புக்காக ஞாயிறுதோறும் வண்டிகளைக் குறைக்கும் மெகா பிளாக்கைப் பொருட்படுத்தாமல் இன்று மாதுங்காவுக்கு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பாரதியார் பிறந்தநாள் கூட்டமும், பொங்கல் விழாவும், சிறுவர்களுக்கான திருக்குறள் ஒப்பித்தல் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கியதால் ஜூலை மாதக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சென்ற பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்ற ‘குற்றவாளியின் மனம்’ என்னும் வாசிப்புத் தொடராகும். புகழ் மங்கிப்போன தொடக்ககால ஆங்கில மனவியல் குற்ற நாவல்களை மாதம் ஒன்றாக எடுத்துப் பேசுவது என்று முடிவாகியிருந்தது. ஒப்புதல் அளித்தவர்களுள் சிலரே பின்னர் வாட்ஸ்அப் குழுவில், திருக்குறள் போட்டி நடத்தும் சங்கத்துக்குக் கொலைக் கதை எதற்கு என்று கேட்டிருந்தனர். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலைப் போற்றுகிறவர்கள், கொன்றவன் மனம் என்ன பாடுபடுகிறது என்று அறிந்துகொள்வதில் குற்றமில்லை என்பதே செயலாளரின் பணிவான விடை.

தமிழிலேயே துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர்.ரங்கராஜுவும் இருக்க, இங்கிலாந்துக்கு ஏன் போக வேண்டும் என்ற மற்றொரு கேள்வியும் எழுந்தது. துப்பறியும் கோவிந்தனையும் திகம்பர சாமியாரையும் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம்.என்.நம்பியார் போட்ட வேடங்களை நினைவுகூர்ந்து மூத்த உறுப்பினர் ஒருவர் அரைமணி நேரம் பேசியதை அனைவரும் ரசித்தோம். ஆனால் அக்கதைகளில் நாம் துப்பறிபவருக்குப் பின்னால் நடக்கிறோம். முடிச்சு அவிழ்ந்ததும் குற்றவாளியோடு நமக்குள்ள உறவும் தீர்ந்துவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட நாவல்களிலோ கொன்றவன் யார் என்பது பெரும்பாலும் மறைபொருளே அன்று. அவன் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான், அதன் பிறகு எப்படிச் சாப்பிட்டான், தூங்கினான் என்பதே கதை.

தொடர் வில்லியம் காட்வினின் ‘கேலப் வில்லியம்ஸ்’ நாவலில் தொடங்கியது. 1794இல் வெளிவந்த இந்நாவலின் மூன்றாம் பாகத்தை முதலில் மனத்தில் வகுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்ததாகக் காட்வினே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எசமானர் செய்த கொலையைத் தெரிந்துகொண்ட பணியாளனை எசமானர் நாடெங்கும் துரத்துகிறார். துரத்துகிறவரும் துரத்தப்படுகிறவனும் ஒருவரையொருவர் விடமுடியாமல் தவிக்கிறார்கள். நடை பழையது, சில இடங்களில் அலுப்பூட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து, ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்து வளர்ந்த ஜேம்ஸ் ஹாக் 1824இல் தம் பெயரிடாமல் வெளியிட்ட, பாவி ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம். இறைவன் தன்னை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டான், ஆகையால் தான் என்ன செய்தாலும் பாவமாகாது என்று நம்பும் இளைஞனின் பக்கத்தில் ஒரு விநோத நண்பன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் சாத்தானா, இளைஞனின் சொந்த மனமா என்று நூல் கடைசிவரை சொல்வதில்லை. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்நூலின் 1947ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் வியந்து முன்னுரை எழுதினார். நமது கூட்டத்துக்கோ, முன்வரிசை நாற்காலிகளைக்கூட நிரப்ப ஆளில்லை.

மாரி பெல்லாக் லோன்ட்ஸ் எழுதிய ‘தி லாட்ஜர்’ (1913) நாவலைப் பற்றிய கூட்டமே ஆண்டின் சிறந்த கூட்டம். ஹிட்ச்காக் 1927இல் எடுத்த படத்தின் நிழலில் மறைந்துபோன மூலநூல் இது. படத்தில் குடியிருப்பவர் நிரபராதி, நாவல் அந்த ஆறுதலைத் தருவதில்லை. லண்டனில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்படும் நாள்களில், பட்டினியின் விளிம்பில் நிற்கும் பண்டிங் தம்பதியின் வீட்டுக்கு ஒருவர் குடிவருகிறார். வாடகையை முன்பணமாகக் கொடுக்கிறார். அவர் இரவில் ஓசைப்படாமல் வெளியே போய்வருவதை, கணவர் உறங்கும்போது திருமதி பண்டிங் விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கொலைகாரனின் மனத்தைவிட, வாடகைக்காகவும், பிறகு ஏதோ ஓர் இரக்கத்துக்காகவும் மௌனம் காக்கும் அந்த வீட்டுக்காரியின் மனமே நம்மை அச்சுறுத்துகிறது. பேயிங் கெஸ்ட் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருவர் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

சி.எஸ்.ஃபாரஸ்டர் பின்னாளில் எழுதிய கடற்படைக் கதைகளால் அறியப்பட்டவர். 1926இல், இருபதுகளின் வயதில் அவர் எழுதிய ‘பேமென்ட் டிஃபர்ட்’ நாவலை இன்று எடுத்துப் படிப்பவர் அரிது. கடனில் மூழ்கிய வங்கி எழுத்தர் ஒருவர், பணத்தோடு வந்த சகோதரி மகனை நஞ்சிட்டுக் கொன்று வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவிடுகிறார். அதன் பிறகு அவருக்குப் பணம் பெருகுகிறது, ஆனால் வீட்டை விட்டு நகர முடியவில்லை; வேறு யாரேனும் குடிவந்து மண்ணைத் தோண்டிவிட்டால்? நாள் முழுவதும் சன்னலோரம் அமர்ந்து அந்தத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நெடுங்காலம் குடியிருக்கும் ‘பகடி’ வீட்டைக் காலி செய்ய மறுக்கும் மும்பைவாசிகள் அனைவரையும் இனிச் சந்தேகிக்க வேண்டும் என்று ஓர் அன்பர் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆண்டனி பெர்க்லி 1930இல் தம் நாவல் ஒன்றின் முன்னுரையில், துப்பறியும் கதை இனிக் கணக்குப் புதிராக இல்லாமல் மனவியலை நோக்கித் திரும்பும் என்று எழுதினார். மறு ஆண்டே ஃபிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் ‘மாலிஸ் அஃபோர்தாட்’ நாவலின் வழி அதைத் தாமே செய்துகாட்டினார். மனைவியைக் கொல்வதென்று மருத்துவர் முடிவெடுத்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. இறுதியாக, எஃப்.டென்னிசன் ஜெஸ்ஸி 1934இல் எழுதிய ‘எ பின் டு சீ த பீப்ஷோ’. கணவரைக் காதலன் குத்திக் கொன்ற வழக்கில், கத்தியைத் தொடாமலே தன் காதல் கடிதங்களால் குற்றவாளியாக்கப்பட்டு 1923 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட எடித் தாம்சனின் வாழ்க்கையை அடியொற்றிய நாவல். கற்பனையில் வாழ்ந்த ஒரு பெண்ணை, அவள் கற்பனையையே சாட்சியாக்கிக் கொல்ல முடியும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன நாவலைச் செயலாளர் வேறு படித்ததில்லை. தொடரில் ஒன்றை மட்டுமே தமிழில் கொண்டுவர இயலுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். சங்க நிதியில் வாங்கிய இதன் ஒரே படி நவம்பரில் ஓர் உறுப்பினரால் எடுத்துச் செல்லப்பட்டது. அவர் நிதானமாகப் படிப்பவர் என்று நம்புகிறோம்.

வருகை குறித்து ஒரு சொல். ஞாயிறு மெகா பிளாக் உண்மையானதே; ஆனால் டோம்பிவிலியிலிருந்து இரண்டு வண்டி மாறி வருகிறவர்கள் நேரத்துக்கு வந்துவிட, மாதுங்காவிலேயே குடியிருப்பவர்கள் அதையே காரணமாகச் சொல்வது பொருந்தவில்லை. பொங்கல் விழாவில் பந்தி நிரம்பியது. சந்தா ஏட்டில் அந்த நிறைவு தென்படவில்லை. இரண்டாண்டு பாக்கியுள்ளவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் இப்போது வாசிக்கவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. வித்தியாசத்தை நன்கொடையாளர் ஒருவர் ஈடுசெய்தார். தொடருக்கான நூல்களில் சில ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. காப்புரிமை நீங்கிய பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகவே படித்தோம். ஆகவே நூல்களால்தான் நிதி கரைந்தது என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம்.

இடமளித்த வீட்டுவசதிச் சங்கத்தாருக்கும், காபி வழங்கிய மகளிர் அணியினருக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவருக்கும் நன்றி.

கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போவதால் இவ்வரங்கம் வரும் தீபாவளிக்குப் பின் நமக்குக் கிடைக்காது. புதிய இடத்துக்கு முன்பணம் தேவைப்படும். வசதியுள்ளவர்கள் செயற்குழு கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடரின் இரண்டாம் பகுதியாக எலிசபெத் சான்க்சே ஹோல்டிங், டாரதி பி.ஹியூஸ் ஆகிய அமெரிக்கப் பெண் எழுத்தாளர்கள் 1947இல் வெளியிட்ட நாவல்களை எடுக்கலாம் என்பது என் எண்ணம். செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்வேன். சங்கத்தின் மூன்று புத்தக அலமாரிகளும் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருப்பதால், முன்மொழியப்படுபவரின் வீட்டில் அவற்றுக்கு இடம் உள்ளதா என்பதைத் தேர்தலுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
மாதுங்கா, மும்பை