முள் வெட்ட வாருங்கள், மாமா

அன்புள்ள மாமா,

போன ஞாயிறு கோயில் அன்னதானப் பந்தியில் நீங்கள் கேட்டதற்கு அங்கே வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. "மரத்தை வெட்டிப்போட்டு அதுக்கு இயற்கைப் பாதுகாப்பு எண்டு பேரா? அதுவும் காசில்லாமலா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. உங்களைப் போலப் பிள்ளைகளோடு லண்டனில் வந்திருக்கும் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, பயப்படாதீர்கள்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் தொண்டர்களாக வேலை செய்யப் போகும் சரிவுகள் லண்டனுக்குத் தெற்கே பொக்ஸ் ஹில் பக்கம் இருக்கின்றன. நோர்த் டவுன்ஸ் என்று நீளமாகக் கிடக்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் ஒரு பகுதி அது. மேலே நாலைந்து விரல் ஆழத்துக்குத்தான் மண், அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. ஊரில் சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டிய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தச் சரிவுகளில் நூற்றாண்டுக் கணக்காகச் செம்மறி ஆடுகள் மேய்ந்தன. ஆடு கடித்துக் கடித்துப் புல் உயராமல் இருந்ததால், வேறு இடத்தில் தலையெடுக்க முடியாத சின்னச் செடிகள் எல்லாம் இங்கே பிழைத்துக்கொண்டன. நல்ல இடமாகப் பார்த்து ஒரு சதுர மீட்டர் புல்தரையை எண்ணினால் நாற்பது வகைச் செடிகள் வரை கிடைக்கும். கோடையில் குந்தியிருந்து பார்த்தால்தான் தெரியும்: நிலத்தோடு படர்ந்த தைம் (நம் துளசியின் குடும்பம்), கசக்கினால் வெள்ளரிக்காய் மணக்கும் சலட் பேர்னெட், மஞ்சள் பூப் பூக்கும் ஹோர்ஸ்ஷூ வெட்ச் என்ற பயற்றுக் குடும்பச் செடி. அந்தக் கடைசிச் செடியில்தான் அடோனிஸ் ப்ளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். வேறெதிலும் இடாது. செடி போனால் பூச்சியும் போய்விடும்.

காலம் மாறி, சரிவுகளில் ஆடு மேய்ப்பது கட்டாமல் போனது. அப்போதும் முயல்கள் புல்லைக் கடித்துக் காப்பாற்றின. 1953-இல் மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோய் இங்கிலாந்துக்கு வந்தது. சில வருடங்களுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் முயல்கள் செத்தன. அப்புறம் என்ன? கடிக்க ஆளில்லை. புல் முழங்காலுக்கு வந்தது, அதற்குள் ஹோதோர்ன், பிளாக்தோர்ன் என்ற முள்மரங்களும் டொக்வுட் என்ற புதர்ச்செடியும் முளைத்துப் பற்றையாக மூடின. உழுது அழித்தது ஒரு பக்கம், உரம் போட்டுக் கெடுத்தது ஒரு பக்கம், பற்றை மூடியது இன்னொரு பக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நாட்டின் சுண்ணாம்புப் புல்வெளியில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது என்கிறார்கள். பற்றை வளர்ந்து காடானால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். காடு நல்லதுதான், ஆனால் அது வேறு இடத்திலும் வளரும். இந்தப் புல்தரைக்குப் போக்கிடம் இல்லை.

தோட்டக்காரரான உங்களுக்குத் தலைசுற்றுகிற ஒரு விஷயம் உண்டு. இங்கே பசளைதான் எதிரி! வெட்டிய கொப்பை அப்படியே விட்டால் உக்கி மண் கொழுக்கும். மண் கொழுத்தால் முரட்டுப் புல்லும் காஞ்சோண்டியும் வந்து, மெலிந்த மண்ணில் வாழப் பழகிய பூச்செடிகளை அமுக்கிவிடும். அதனால் வெட்டுவதைவிட வெட்டியதை அள்ளுவதுதான் பெரிய வேலை. நெருப்பு வைப்பதும் கண்ட இடத்தில் இல்லை. ஏற்கெனவே சாம்பல் கிடக்கும் அதே இடத்தில்தான் எரிப்போம், இல்லாவிட்டால் சரிவில் புதிது புதிதாகச் சாம்பல் விழுந்து அந்தந்த இடம் கொழுத்துவிடும். மண்ணை வளமாக்க ஆயுள் முழுக்க மாட்டெருவும் குழையும் தாட்ட மனிதருக்கு, மண்ணை ஏழையாக வைத்திருப்பது ஒரு தொழில் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"சும்மா விட்டால் இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று நீங்கள் மட்டுமல்ல, வெள்ளைக்காரரும் நெடுங்காலம் நம்பினார்கள். லார்ஜ் ப்ளூ என்று இன்னொரு நீல வண்ணத்துப்பூச்சி இங்கே இருந்தது. குறைந்துகொண்டே வந்தது. பூச்சி பிடித்துச் சேர்க்கிறவர்களால்தான் அழிகிறது என்று நினைத்து, அது வாழ்ந்த ஓர் இடத்துக்கு வேலி போட்டார்கள். வேலி ஆட்களை மட்டுமா மறித்தது, ஆடுமாடுகளையும் மறித்தது. பூச்சி இன்னும் வேகமாக மறைந்தது. பிறகு ஜெரமி தோமஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் வருடக்கணக்காகக் கிடந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். இந்தப் பூச்சியின் புழு சில கிழமைகள் தைம் பூவைத் தின்னும், பின்பு நிலத்தில் விழும். ஒரு சிவப்பெறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குள் தூக்கிப்போகும். உள்ளே போன புழு எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும். எல்லாச் சிவப்பெறும்பும் சரிவராது, ஒரே ஓர் இனம்தான். அந்த எறும்புக்கோ வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் கொஞ்சம் உயர்ந்தாலும் நிழல் விழுந்து மண் குளிரும், எறும்பு போய்விடும், பூச்சியும் போய்விடும். விஷயம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-இல் பூச்சி இந்த நாட்டில் அற்றுப்போனது. 1983-இல் சுவீடனில் இருந்து கொண்டுவந்து, புல்லைக் கட்டையாக வைத்திருந்த இடங்களில் விட்டார்கள். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் மறுபடி பறக்கிறது.

ஆகவே, வெட்டுவது அழிப்பதற்கல்ல. ஆடும் முயலும் செய்த வேலையை நாங்கள் கத்தரியும் வாளும் கொண்டு செய்கிறோம். இப்போது சில சரிவுகளில் மாடுகளையும் விடுகிறார்கள். ஆனால் முற்றிப்போன முள்ளை மாடு தின்னாது. அதற்கு மனிதர்தான் வேண்டும். இதை நாங்கள் புதிதாகத் தொடங்கவும் இல்லை. 1959-இல் கன்சர்வேஷன் கோர்ப்ஸ் என்ற தொண்டர் அமைப்பு முதன்முதலாக வேலைக்கு இறங்கியது இதே பொக்ஸ் ஹில்லில்தான், வெட்டியதும் இதே டொக்வுட்தான். அது வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாதி.

வேலைநாள் எப்படி இருக்கும் என்று கேட்டால், பாதி வேலை, பாதி தேத்தண்ணீர். காலை பத்து மணிக்குக் கூடுவோம். பொறுப்பாளர் எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று காட்டுவார். எல்லாவற்றையும் வெட்ட மாட்டோம். குருவிகளுக்குப் பழம் வேண்டும், ஆகவே ஆங்காங்கே ஒரு ஹோதோர்னை விட்டுவைப்போம். ஆயுதங்களை எப்படித் தூக்குவது, பக்கத்தில் நிற்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று ஒவ்வொரு முறையும் அதே பாடத்தைச் சொல்வார். அலுப்பாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். பிளாக்தோர்ன் முள் குத்தினால் விரல் வீங்கிப் பாடாய்ப் படுத்தும். அந்தக் கொப்பை இழுக்கும்போது அடியைப் பிடித்து இழுக்க வேண்டும், நுனியைப் பிடித்தால் முள்ளெல்லாம் புல்லில் மாட்டி எதிர்த்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நுனியைத்தான் பிடிப்பார்கள். நீங்கள் பிடிக்க மாட்டீர்கள். வேலிக்கு இலந்தை முள் இழுத்த கை அது.

வேலி என்றதும் இன்னொன்று. குளிர்காலத்தில் சில நாட்கள் உயிர்வேலி படுக்க வைப்போம். நெடுநெடுவென்று வளர்ந்த ஹோதோர்ன் தண்டை அடியில் சரிவாக, முக்கால்வாசிக்கு மேல் வெட்டி, பட்டையும் கொஞ்சம் மரமும் மட்டும் ஒட்டியிருக்க விட்டு, அப்படியே பக்கவாட்டில் சாய்ப்பார்கள். அந்த மெல்லிய ஒட்டு வழியாகவே மரம் உயிரோடு இருக்கும். அடிக்கட்டையில் இருந்து புதுத் துளிர் வரும், வேலி கீழிருந்து அடர்த்தியாகும். நடுநடுவே ஹேஸல் கம்புகளை ஊன்ற வேண்டும். எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். அங்கிருந்த கிழவர் டேப் எடுக்கவில்லை, முழங்கையை நீட்டிக் காட்டினார். சரியாக ஒரு முழம்! கிளுவைக் கதியால் நட்டு வேலி அடைத்த உங்களை அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஆசை வந்தது. ஆங்கிலம் தேவைப்படாது. இருவரும் கத்தியின் கூரைப் பற்றி ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கோடை வேலை சுகம். ஹொக்ஸ்மில் ஆறு உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் ஓடுகிறது. அதன் கரையில் இளஞ்சிவப்புப் பூவோடு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் செடி, நம் காசித்தும்பையின் இமயமலைச் சொந்தக்காரி. அழகுக்காக 1839-இல் கொண்டுவந்தார்கள், இன்று ஆற்றங்கரைகளை எல்லாம் பிடித்துவிட்டது. மற்றச் செடிகளை அமுக்கிவிட்டுத் தானும் குளிரில் செத்துப்போகும், கரை வெறுமையாகி மண் கரைந்து போகும். வேர் ஆழமில்லை, பிடித்து இழுத்தால் வந்துவிடும். விதை முற்றுவதற்குள் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து ஏழு மீட்டர் தூரம் வரை விதை தெறிக்கும். பேரப்பிள்ளைகளையும் கூட்டிவரலாம், கத்தி வேலை இல்லை.

இனிக் காசு. ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் சிரமதானம் செய்தபோது யாரும் காசு கேட்கவில்லையே என்றால், "அது எங்கட ஊர், இது ஆற்ற மலை?" என்பீர்கள். எனக்கு அதற்குப் பெரிய பதில் இல்லை. என் பிள்ளைகள் உருண்டு விளையாடிய சரிவு அது. எனக்கு அந்த உரிமை போதும். ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் தொண்டர் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. வேலைநாளைக் கிழமை நாளில், பஸ் போகாத இடத்தில் வைத்துவிட்டு, "ஏன் உங்கள் ஆட்கள் வருவதில்லை?" என்று எங்களிடம் கேட்பார்கள். அதற்கும் கோபம் வரும், அதையும் நான் அங்கேயே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு வெட்டுவேன். பற்றை எங்கள் வழக்கு முடியும்வரை காத்திருக்காது.

உங்களுக்குப் போய்வருவதில் சிக்கல் இல்லை. வூஸ்டர் பார்க்கில் டோர்க்கிங் ரயில் ஏறினால் பொக்ஸ்ஹில்லில் இறங்கலாம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரம் பார்த்து ஏற வேண்டும். நானும் கூட வருவேன்.

இந்தப் பருவத்துக்கு நாட்கள் அதிகமில்லை. பெப்ரவரி முடிய வெட்டுவதை நிறுத்திவிடுவோம். மார்ச்சில் குருவிகள் கூடு கட்டத் தொடங்கும், கூடிருக்கும் பற்றையில் தெரிந்தே கைவைப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மகள் வாங்கித் தந்த அந்தப் புது நைலோன் ஜக்கெட்டைப் போட்டு வராதீர்கள். நெருப்புப் பொறி பட்டால் ஓட்டை விழும், பிறகு எனக்குத்தான் பேச்சு விழும். பழைய கம்பளிச் சட்டை போதும். கையுறை அங்கே தருவார்கள். மாமியிடம் சொல்லி ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு வாருங்கள். இடியப்பம் வேண்டாம், அந்தக் குளிரில் விறைத்துவிடும். என்னிடம் மேலதிகமாக ஒரு சோடிச் சப்பாத்து இருக்கிறது, அளவு ஒன்பது. உங்களுக்குக் காணுமா என்று மட்டும் இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மருமகன்