விண்ணப்பம் அனுப்ப முதல் ஒருக்கா வாசி

கொக்குவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

"யாழ்ப்பாணத்தையே முதலாவதாப் போடட்டோ அம்மா?" என்று, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தெரிவு வரிசையைப் பற்றி நேற்றுக் கேட்டாய். ரெலிபோனில் கதைத்து முடிக்கிற விசயம் இல்லை இது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டில் ஆறுதலாக இருந்து வாசி. பக்கத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலையும் விரித்து வை.

பேராதனை மிருக வைத்தியத்தை மேலே போட்டு அது வராமல் போனால், கீழே போட்டதும் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறாய். அப்படிப் போகாது. உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். யூனி-கோட் என்பது ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு கற்கைநெறிக்கான குறியீடு. எந்த யூனி-கோட்டின் வெட்டுப்புள்ளியை, அதாவது அங்கே எடுபடுகிற ஆகக் குறைந்த புள்ளியை, உன் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி முதலில் தாண்டுகிறதோ அதுதான் உனக்கு. உன் புள்ளி 1.2 என்று வைத்துக்கொள். முதலாவது தெரிவின் வெட்டுப்புள்ளி 1.5, இரண்டாவதினது 1.3, மூன்றாவதினது 1.1 என்றால், மூன்றாவது கிடைக்கும். மேலே இரண்டு கனவைப் போட்டதற்காக அந்த மூன்றாவதில் ஒரு புள்ளியும் குறையாது. ஆனால் அந்த 1.1 ஐ நீயே பயந்து முதலாவதாகப் போட்டாயானால், அதற்கு மேலே எது உனக்குத் தகுதியாக இருந்தாலும் கண்ணிலேயே படாது. அதனால் போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசை போடாதே, விருப்பத்தைப் பார்த்துப் போடு. போன வருடப் புள்ளி, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று அறியத்தான் உதவும். அது ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஏறி இறங்கும்.

இப்போது வெள்ளவத்தையில் இருந்தாலும் உன் மாவட்டம் யாழ்ப்பாணம்தான். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்பதைத்தான் பார்ப்பார்கள். பொதுவாக ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. அதில் எங்கள் மாவட்டமும் இருக்கிறது. போட்டி எங்கள் பிள்ளைகளுக்குள்ளேயே கடுமை என்பதையும் நீ அறிவாய். அதனால் பட்டியலைக் குறுக்காதே. ஆனால் கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற ஒன்றை, இடம் நிரப்புவதற்காக எழுதாதே. அது வந்து நின்றால், அடுத்ததைத் தா என்று கேட்க வழியில்லை.

"வீட்டோட இருந்து படிக்கலாம்" என்றும் சொன்னாய். விவசாயத்தை நினைத்துச் சொல்லியிருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் திருநெல்வேலியில் இல்லை, பிள்ளை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. பொறியியலும் தொழில்நுட்பமும் அங்கேதான். தினமும் கொக்குவிலில் இருந்து போய்வர ஏலாது, அங்கேயும் விடுதியோ போர்டிங்கோதான். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற மாதிரி என்றால் விஞ்ஞான பீடம், தாதியியல் போன்றவை. சித்த மருத்துவம் என்றால் கைதடி. ஒவ்வொன்றும் தனி யூனி-கோட். ஒரே பாடத்துக்கும் பல்கலைக்கழகம் மாறினால் கோட் மாறும். பேராதனையின் விவசாய பீடத்துக்குள்ளேயே விவசாயத் தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் ஒன்று, உணவு விஞ்ஞானம் வேறொன்று, விலங்கு விஞ்ஞானமும் மீன்பிடியும் இன்னொன்று. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஒரு எழுத்து மாறி வேறு பாடத்துக்குப் போய்ச் சேர்கிறவர்கள் உண்டு. கோட்டைக் கைநூலில் விரல் வைத்துப் பார்த்து எழுது.

மிருக வைத்தியத்தை "மாட்டு டொக்டர்" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆடு மாடு கோழி இல்லாத வலிகாமத்து வளவு எது? விசர்நாய்க்கடித் தடுப்பு, பால், இறைச்சிப் பரிசோதனை, பண்ணை நோய், ஆய்வுகூடம் எல்லாம் அந்தப் படிப்புக்குள்தான் வருகின்றன. இந்த நாட்டில் அரச பல்கலைக்கழகங்களில் அந்தப் பீடம் பேராதனையில் மட்டுமே இருக்கிறது. உனக்கு அதில்தான் ஆசை என்றால் எங்களுக்காக அதைக் கீழே இறக்காதே. நீ கிட்ட இருந்தால் எங்களுக்குச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்துக்கு உன் படிப்பை விலையாகக் கேட்கமாட்டோம்.

காசைப் பற்றி யோசிக்காதே. படிப்புக்குக் கட்டணம் இல்லை. பதிவுக்கும் விடுதிக்கும் கட்டுவது சிறு தொகை. செலவு முழுக்கச் சாப்பாடு, பயணம், அச்சடிப்பு, டேற்றா. மாதம் 25,000 ரூபா நாங்கள் ஒதுக்கி வைக்கிறோம். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் நல்லது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். ஆனால் வருடத்தில் பத்துத் தவணைதான் வரும். அந்தக் கணக்கில் 75,000, அதாவது எங்கள் ஒதுக்கீட்டில் மூன்று மாதத்துக்குச் சரி. முதலாவது தவணை கைக்கு வரச் சில மாதம் இழுபடும், அதனால் அதை நம்பி மாதக்கணக்குப் போடாதே. மகாபொல இல்லாதவர்களுக்கு பேசரி என்கிற உதவித்தொகை உண்டு, இரண்டும் சேர்த்துக் கிடையாது. வருமான விபரத்தில் அப்பாவின் சம்பளச் சீட்டில் உள்ளதை அப்படியே எழுது. கிராம சேவையாளர் உறுதிப்படுத்திய கடிதத்தில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டும். அதை நாங்கள் இங்கே எடுத்துத் தருகிறோம். விடுதி கொடுக்கும்போது தூரத்தையும் வருமானத்தையும் பார்ப்பார்கள், எங்கள் தூரத்துக்கு முதலாம் வருடம் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறோம். இடை வருடங்களில் வெளியே போர்டிங் எடுக்க வேண்டி வரலாம், அப்போது முற்பணம் கேட்பார்கள். அதற்கு ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

இடம் கிடைத்த பிறகு இரண்டு பதிவு. ஒன்று ஆணைக்குழுவுக்கு, குறித்த திகதிக்குள் ஒன்லைனில். மற்றது பல்கலைக்கழகத்துக்கு, ஆவணங்களோடு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்து இடத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். திகதி தவறினால் எந்தக் கண்ணீரும் எடுபடாது. ஆகவே விண்ணப்பத்தில் கொடுக்கிற ரெலிபோன் இலக்கத்தையும் ஈமெயிலையும் அந்தப் பதிவு முடியும் வரை மாற்றாதே.

கம்பஸ் படிப்பு ரியூசன் போல இல்லை. விரிவுரை ஆங்கிலத்தில். முதல் மாதம் பாதிதான் விளங்கும், அதற்குப் பயப்படாதே. சீனியர்மார் நடத்துகிற குப்பி வகுப்புக்குப் போ, பழைய வினாத்தாள்களைச் சேர். ஆனால் அதை மட்டும் நம்பி விரிவுரைக்குப் போகாமல் விடாதே, 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். விஞ்ஞானமோ விவசாயமோ படித்தால் ஜீ.பீ.ஏ., அதாவது எல்லாப் பாடத்துக்குமான சராசரிப் புள்ளிக் கணக்கை முதல் நாளே விளங்கிக்கொள். முதல் வகுப்புக்கு 3.70 வேண்டும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30. ஒரு பாடம் கோட்டைவிட்டு ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் 'சீ'தான், அதாவது 2.0. முப்பது கிரெடிட்டில் இருபத்தேழை 3.70 இல் எடுத்து, மூன்று கிரெடிட்டில் ஒரு 'சீ' விழுந்தால் மொத்தம் 3.53 ஆகிவிடும். ஒரு பாடம் போதும், வகுப்பு மாறிவிடும். பரீட்சை நாளில் காய்ச்சல் என்றால் படுத்திருந்து விடாதே. உடனே அரச வைத்தியரிடம் காட்டி, மருத்துவச் சான்றிதழைப் பீடம் சொன்ன நாள் கணக்குக்குள் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் அமர்வாக எண்ணப்படும். கொடுக்காவிட்டால் அது ரிப்பீட்.

பகிடிவதையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 1997 இல் பேராதனை பொறியியல் பீடத்தின் முதலாம் வருட மாணவன் ஒருவன், எங்கள் தமிழ்ப் பிள்ளை, கட்டாயப்படுத்திச் செய்வித்த உடற்பயிற்சியால் சிறுநீரகம் பழுதாகி இறந்தான். அடுத்த வருடமே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை, கடும் காயம் விளைவித்தாலோ பாலியல் தொல்லை கொடுத்தாலோ பத்து வருடம் வரை. அளவுக்கு மீறித் தோப்புக்கரணமும் தண்டாலும் போட வைத்தால் தசை நார் உடைந்து அதன் சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். உனக்கோ அறைப் பிள்ளைக்கோ சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், யார் என்ன சொன்னாலும் அந்த மணித்தியாலமே பேராதனை போதனா வைத்தியசாலைக்குப் போ. நடந்ததை மறைக்காமல் டொக்டரிடம் சொல். பிறகு மாணவ ஆலோசகருக்கும் எங்களுக்கும். "பட்சை (கூடப் படிக்கிற வருடப் பிள்ளைகளை) காட்டிக் கொடுத்தவள்" என்று பெயர் வரும் என்று பயப்படாதே. நாங்கள் அந்த இரவே பஸ் ஏறுவோம்.

பேராதனை இங்கத்தைய வெயில் ஊர் இல்லை. இங்கே ஒரு மணித்தியாலத்தில் காய்கிற துவாய் அங்கே மழைக்காலத்தில் இரண்டு நாள் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். தடித்த துவாயை விட்டுவிட்டு மெல்லியது இரண்டு கொண்டு போ. ஆய்வுகூடக் கோட்டு பருத்தியில் தை, பொலியெஸ்ரர் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். போர்வை, குடை, நல்ல பூட்டு, புல்லுக்குள் போனால் அட்டைக்கு உப்பு. அறையில் குக்கர் வேண்டாம், விடுதிகளில் பெரும்பாலும் அதற்குத் தடை. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் நாங்கள் அனுப்புவோம். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர் ஓடி எங்களிடம்தான் முடிகிறது, இரவு பஸ் ஏறினால் விடியக் கண்டி. ரயிலென்றால் பொல்கஹவெலவில் மாறி, கம்பசுக்குப் பக்கத்துச் சரசவி உயனவில் இறங்கலாம். வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கிறது. சிங்களம் கொஞ்சம் இப்போதே பழகு, கொழும்பில் இருக்கிற நாட்களை வீணாக்காதே.

கடைசியாகப் பெயர். உன் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால் முழுதாக இருக்கிறது, அடையாள அட்டையிலும் அப்படியே. பரீட்சைப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். ஆங்கிலத்தில் 'ச'வுக்கு ஒன்றில் 'எஸ்', மற்றதில் 'எஸ்.எச்'. பதிவு நாளில் மறித்து வைப்பது இந்த மாதிரிச் சின்ன எழுத்துத்தான். சமாதான நீதவானிடம் இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியோடு நீலப் பைலில் வைத்திருக்கிறோம். நீ விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, அனுப்ப முதல் முதலாம் பக்கத்தை மட்டும் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடு. அப்பா பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல்லுவார். தெரிவு வரிசை உள்ள பக்கத்தை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்
அம்மா